கோணல் காணியில் கிடைத்தது

மேவிஸ் லார்ட்டரைப் போல ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாத பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. கடையில் வரிசையில் நின்றால் கால் மாற்றி மாற்றி நிற்பாள். தேவாலயத்தில் பாட்டு முடிவதற்குள் புத்தகத்தை மூடிவிடுவாள். யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவாள், கோட்டைக் கழற்ற மாட்டாள். "கோட்டைக் கழட்டி வையேன் மேவிஸ்" என்றால் "இல்ல, இதோ கெளம்பிட்டேன்" என்பாள். சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் நின்றுகொண்டே பேசுவாள். அவளுடைய புருஷன் ரெக் உயிரோடு இருந்தவரை, "இவ கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று சொல்லிச் சிரிப்பான். பிறக்கும்போது அப்படி இல்லை. எனக்குத் தெரியும். நானும் அவளும் ஒரே வகுப்பு. அந்தக் காலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மணி அடிப்பதுகூடக் காதில் விழாமல் உட்கார்ந்திருப்பாள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணுக்குள் உலோகம் தேடுகிற மெட்டல் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்தவன் நிலத்தில் அலைகிற கூட்டத்தை எனக்குப் பிடிக்காது. இங்கிலாந்தில் எங்கள் நார்ஃபோக் பக்கம் மழைக்குக் காளான் முளைப்பதைப்போல முளைத்திருக்கிறார்கள். குழி தோண்டுவார்கள், வேலிக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போவார்கள், ஒரு பித்தளைப் பொத்தானைக் கொண்டுவந்து காட்டி என் பாட்டன் பூட்டனுக்கு முந்தைய ராஜாக்களின் பெயரையெல்லாம் எனக்கே சொல்லித் தருவார்கள். நான் பன்றி வளர்த்தவன். எனக்கு எந்த ராஜாவும் வேண்டாம்.

அதனால் மேவிஸ் பள்ளிக்கூடச் சமையலறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இலையுதிர் காலத்தில், யாரோ பழசாக்கி விற்ற கருவி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"ஹோரி, ஒன் காணியில கொஞ்சம் தேடிக்கட்டுமா?"

"எந்தக் காணியில?"

"கோணல் காணி."

"அங்க என்ன மண்ணாங்கட்டி இருக்கு? ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரோமன் காசு கெடச்சுதுன்னு நெவில் தலைகால் புரியாம ஆடிக்கிட்டிருக்கான். அங்க போயேன்."

"எனக்கு ரோமன் காசு வேணாம். கோணல் காணி போதும்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் நாயைப் பார்த்துத்தான் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "கதவை மூடிட்டுப் போ" என்று மட்டும் சொன்னேன். அவள் எதைத் தேடப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அதற்குப் பிறகு எத்தனையோ குளிர்காலம் அவள் அந்தக் காணியை முழம் முழமாகத் தேடினாள். இரண்டு பேரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊரில் முக்கியமான எதைப்பற்றியும் யாரும் பேச மாட்டோம். மழையைப்பற்றிப் பேசுவோம்.

விஷயம் இதுதான். மேவிஸுக்குக் கல்யாணமான புதிது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காலை இடைவேளையில் ஹெட்மிஸ்ட்ரஸ் மிஸ் கேதர்கோல் அறைக்கு டீத் தட்டைக் கொண்டுபோவது அவள் பொறுப்பு. அந்தத் தட்டில் ஒரு வெள்ளி உருண்டை இருக்கும். வால்நட் அளவுதான். இரண்டு மூடியாகத் திறக்கும், உடம்பெல்லாம் பொடிப்பொடியாக ஓட்டை, நுனியில் ஒரு சின்னச் சங்கிலி. உள்ளே தேயிலையைப் போட்டு மூடி வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டால் சாறு மட்டும் இறங்கும், தூள் வெளியே வராது. மிஸ் கேதர்கோலின் அம்மா வைத்திருந்தது. ஒருநாள் அது காணாமல் போயிற்று.

மிஸ் கேதர்கோல் கத்தவில்லை. யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. மறுநாள் சமையலறைக்கு வந்து, எல்லோர் முன்னாலும், ரொம்ப மரியாதையாக, "இனிமே டீத் தட்டை வேற யாராவது கொண்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். வேலை போகவில்லை. மேவிஸ் அதே சமையலறையில் அதே கரண்டியால் ஓய்வு பெறும்வரை பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசியல் பரிமாறினாள். ஆனால் அந்த ஒரு வாக்கியம் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகு தேவாலயச் சந்தையில் கேக் விற்கிற மேஜைக்கு அவளைப் போடுவார்கள், ஆனால் பணப்பெட்டியை இன்னொருத்தி மடியில் வைத்துக்கொள்வாள். அண்டை வீட்டுக்காரி வெளியூர் போனால் பூனைக்குச் சோறு வைக்க மேவிஸிடம் சொல்ல மாட்டாள், நாலு வீடு தள்ளிப் போய்ச் சொல்வாள். திருடி என்று ஒருத்தரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். மேவிஸுக்குக் கை நீளம்தான்.

அய்யோ, இந்த இடத்தில் அந்தச் சொல்லைப் போட்டிருக்கக் கூடாது. அடிக்கத் தயங்காதவள் என்று சொல்ல வந்தேன். பாருங்கள், ஒரு சந்தேகம் எப்படியெல்லாம் ஒட்டிக்கொள்கிறது.

சரி, கோணல் காணிக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் மிஞ்சுகிற எச்சில் சாப்பாடு, காய்த்தோல், டீத்தூள் எல்லாவற்றையும் டிரம்மில் கொட்டி வைப்பார்கள். நான் டிராக்டரில் போய் எடுத்து வருவேன். கொதிக்க வைத்துப் பன்றிகளுக்குப் போடுவேன். கொட்டகையில் சேர்கிற எருவைப் பக்கத்திலேயே இருக்கிற கோணல் காணியில் அடிப்பேன். பிறகு அரசாங்கம் எச்சில் சாப்பாடு போடக்கூடாது என்று தடை போட்டது, நானும் பன்றியை விட்டுவிட்டு பார்லி விதைக்க ஆரம்பித்தேன். மேவிஸ் இதையெல்லாம் மனதுக்குள் கோத்துப் பார்த்திருக்கிறாள். உருண்டை டீத்தூளோடு டிரம்முக்குப் போயிருந்தால், டிரம்மிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து எருவுக்கு, எருவிலிருந்து காணிக்கு.

கருவிக்காரர்கள் இப்படி யோசிக்க மாட்டார்கள். ஒரு பொருள் எங்கே கிடைத்ததோ அங்கேதான் யாரோ தொலைத்தார்கள் என்று வைத்துக்கொள்வார்கள். எருவோடு வண்டி ஏறி வந்திருக்கும் என்று நினைத்தால் அவர்களுக்குக் கதை கெட்டுவிடும்.

மேவிஸ் தேடிய அழகையும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் இரும்புக்குக் கத்தாதபடி கருவியை அடைத்துவிட்டு நல்ல சத்தத்துக்கு மட்டும் குனிவார்கள். இவள் எதையும் அடைக்கவில்லை. ஆணி, தகர மூடி, எதற்குக் கத்தினாலும் தோண்டினாள். அந்தக் காணியில் ஸ்பூன் விளைந்திருக்கிறது என்று சொல்லலாம், அத்தனை பள்ளிக்கூட ஸ்பூன்கள் வந்தன. கருவிக்காரர்களின் சங்கத்துக்கு நெவில்தான் தலைவன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவன், எல்லாம் தெரிந்தவன். "மேவிஸ் டின்னர் செட் சேக்கறாங்க. முழுசானதும் நம்மளையெல்லாம் விருந்துக்குக் கூப்பிடுவாங்க" என்று கிண்டலடிப்பான். மேவிஸ் அந்த ஸ்பூனைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி தேடப் போவாள். ஒவ்வொரு ஸ்பூனும் அவளுக்கு ஒரு நம்பிக்கை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் வெளியூர்க்காரன்.

போன வருஷம் பார்லி அறுத்த பிறகு, தேவாலயக் கூரைக்கு நிதி என்று சொல்லி, சங்கத்துக்காரர்கள் எல்லோரையும் ஒருநாள் என் நிலத்தில் விட்டேன். எல்லோரும் பெரிய வயலுக்கு ஓடினார்கள். மேவிஸ் மட்டும் கோணல் காணியில் அறுத்த பார்லித் தாளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். நான் வேலியைச் சரிபார்க்கிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

கொட்டகை மூலைப் பக்கம் கருவி கீச்சென்று கத்தியது. அவள் நின்றாள். கருவியைத் திருப்பி இன்னொரு பக்கமாக ஆட்டினாள். திரும்பவும் அதே கீச்சு. மண்டியிட்டு மண்ணைக் கட்டியாக வெட்டி எடுத்து, கையால் உடைத்தாள்.

உள்ளே இருந்தது கரும்பழுப்பாக, நசுங்கின ஏதோ ஒன்று. காய்ந்த அத்திப்பழத்தைச் செருப்புக் காலால் மிதித்த மாதிரி இருந்தது. ஓரம் மடிந்திருந்தது. ஒரு பக்கத்தில் மண் அடைத்த பொடி ஓட்டைகள் ஏழெட்டுத் தெரிந்தன. ஓரத்தில் ஒரு வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை.

"அதுதானா?" என்று கேட்டேன். என்னையும் மீறி வாயில் வந்துவிட்டது.

"தெரியல." அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். "ஹோரி, தெரியலையே."

"எச்சிலைத் தொட்டுத் தேச்சுப் பாரேன்."

"தேய்க்கக் கூடாது. வெள்ளிய தேய்க்கவே கூடாது. மேல இருக்கற முத்திரையெல்லாம் போயிரும்."

அதற்குள் நெவில் மோப்பம் பிடித்து ஓடி வந்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தான். பார்த்தவன் முகம் மாறிவிட்டது.

"மேவிஸ், இது சாக்ஸன் காலத்தது, ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் காலத்துப் பெரிய எடத்துப் பொம்பளைங்க இடுப்புல ஓட்டை போட்ட வெள்ளிக் கரண்டி தொங்கவிட்டிருப்பாங்க. அந்தக் கரண்டியோட குழி இது. சமாதிக்குள்ளதான் கெடைக்கும். இந்தக் காணிக்குக் கீழ ஒரு ராணி படுத்திருக்கா."

பெரிதாக எதையாவது கண்டுபிடித்தால் இவர்கள் கையைத் தூக்கி, இடுப்பை ஆட்டி, வட்டமாக ஓர் ஆட்டம் ஆடுவார்கள். கிடைத்தவர்தான் ஆட வேண்டும், அது வழக்கம். மேவிஸ் அசையாமல் மண்டியிட்டிருந்ததால் அவளுக்குப் பதிலாக நெவிலே ஆடினான். பெரிய வயலிலிருந்து எல்லோரும் வந்து கைதட்டினார்கள். எனக்கும் கை கொடுத்தார்கள். என் பார்லிக் காணியில் கூடாரம் அடித்து ஆராய்ச்சிக்காரர்கள் உட்காரப் போகிறார்கள் என்று எனக்குக் கவலை வந்தது. ஆனால் மேவிஸின் முகத்தைப் பார்த்ததும் அதுகூட மறந்துவிட்டது. எல்லோரும் அது ராணியுடையதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்திதான் அது சல்லிக்குப் பெறாத டீ சாமானாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

இப்படிக் கிடைக்கிற பொருள்களைப் பார்த்து என்னவென்று சொல்வதற்கு நகரத்திலிருந்து பெட்ரா என்றொரு பெண் வருவாள். அவள் எங்கள் ஊர்க்கூடத்துக்கு வருகிற சனிக்கிழமைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அந்த வாரங்களை மேவிஸ் எப்படிக் கழித்தாள் என்று கேட்காதீர்கள். விடிந்ததும் என் வீட்டு வழியாக ஆற்றுப் பக்கம் போவாள், சிறிது நேரத்தில் திரும்பி வருவாள், மறுபடி போவாள். தோட்டத்தில் ஒன்றும் இல்லாத இடத்தைக் கொத்துவாள். பேச ஆரம்பித்த பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய் நிற்பாள்.

ஒருநாள் முட்டை கொடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. சமையலறையில் குழாய் திறந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையில் பல் துலக்குகிற பிரஷும் மற்றொரு கையில் அந்தப் பொருளுமாகத் தொட்டியின் முன் நின்றிருந்தாள். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"தேய்க்கல," என்றாள்.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"தேய்ச்சா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிரும். ஆனா தேய்ச்சுட்டேன்னா என்ன சொல்வாங்க தெரியுமா? இவதான் இத்தன வருஷமா வீட்டுல ஒளிச்சு வச்சிருந்தா, இப்ப கெழவியாயிட்டதும் பயம் வந்து, மண்ணுல பொதைச்சு எடுத்து நாடகம் ஆடறான்னு சொல்வாங்க."

"நான் பக்கத்துலயே நின்னேனே. நான் சொல்றேன்."

"நீ பெரிய நீதிபதி பாரு. ஒன் பேச்சை ஒன் நாயே கேக்காது."

குழாயை நான்தான் மூடினேன். அவள் அந்தப் பொருளை மார்ஜரின் டப்பாவில் பஞ்சுக்கு நடுவே வைத்து மூடினாள்.

"அவங்க என்னைக் கேட்டிருந்தா நான் இல்லேன்னு சொல்லியிருப்பேன் ஹோரி. கேக்கவே இல்லையே. கேக்காத கேள்விக்கு யாருகிட்டப் போய்ப் பதில் சொல்றது?"

அத்தனை வருஷத்தில் அதைப்பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. மழை வரும்போலிருக்கிறது என்று சொன்னேன். சொல்லிவிட்டு என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"இந்தா, நீ கொண்டுபோய் வச்சுக்கோ," என்று டப்பாவை என் கையில் திணித்தாள். "இங்க இருந்தா நான் தேய்ச்சிருவேன்."

அன்றிலிருந்து அந்தச் சனியன் என் அலமாரியில் உட்கார்ந்து என் தூக்கத்தையும் கெடுத்தது. நானும் நடக்க ஆரம்பித்தேன். தினம் காலையில் மேவிஸ் வருவாள், மூடியைத் திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள், போவாள். கோட்டைக் கழற்ற மாட்டாள்.

சனிக்கிழமை வந்தது. ஊர்க்கூடத்தில் உட்கார இடமில்லை. நெவில் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்ததால் கருவியைக் கையால் தொடாதவர்கள்கூட ராணியைப் பார்க்க வந்திருந்தார்கள். பெட்ரா சின்னப் பெண். சளி பிடித்த மூக்கோடு விளக்குக்கு அடியில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேவிஸ் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்கள், காலால் தள்ளிவிட்டாள்.

"யாரும் இத தேய்க்கலையே? ரொம்ப நல்லதாப் போச்சு," என்று பெட்ரா ஒரு மெல்லிய மரக்குச்சியை நனைத்து, வளையத்துக்குக் கீழே ஒட்டியிருந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள்.

"ஐயோ பாவம் நீங்க எல்லாரும்," என்றாள் பெட்ரா. "இங்க ஒரு சிங்கம் இருக்கு, நடந்து போற சிங்கம். பக்கத்துல நங்கூரம். சிங்கம்னா அசல் வெள்ளி, நங்கூரம்னா பர்மிங்ஹாம்ல போட்ட முத்திரை. நூறு வருஷம் ஆகியிருக்குமோ என்னமோ. சாக்ஸன் இல்ல. இது டீ போடற உருண்டை, அதுல பாதி. கீலு உடைஞ்சுபோயிருக்கு."

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. நெவில் தலையில் கை வைத்தான். பின்வரிசையில் சிலர் கோட்டை மாட்ட ஆரம்பித்தார்கள். மேவிஸின் கண்கள் மட்டும் மூடியிருந்தன. அவள் உதடு அசைவதைப் பார்த்தேன்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல," என்று பெட்ரா பேச்சைத் தொடர்ந்தாள். "ஏர் பட்டு நசுங்கினா ஒரு பக்கம் கீறும். இதுல ரெண்டு பக்கமும் நேருக்கு நேரா குழி விழுந்திருக்கு. ஏதோ கடிச்ச மாதிரி இருக்கு. மிஸ்டர் கெரிசன், அந்த நெலத்துல முன்னால என்ன இருந்துது?" என்று என் பக்கம் திரும்பினாள்.

எட்டிப் பார்த்தேன். என் வாளி விளிம்பிலும், ரப்பர் பூட்ஸிலும், ஒரு தடவை என் கெண்டைக்காலிலும் இருந்த அதே தடம். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"பன்னி," என்றேன். "பன்னி கடிச்சுத் துப்பினது."

கோட்டை மாட்டிக்கொண்டிருந்தவர்களின் கை பாதியில் நின்றது. எங்கள் வயதுக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், உடனே தரையைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை, எனக்குத் தெரியும். வெளியே போய் மழையைப்பற்றிப் பேசுவார்கள். மேவிஸை இனிமேல் பணப்பெட்டிப் பக்கம் உட்காரவைப்பார்கள், அதுவும் ஒன்றும் நடக்காததுபோல. எனக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இது மிஸ் கேதர்கோலோட டீ உருண்டை," என்று எழுந்து நின்றேன். "பள்ளிக்கூடத்து எச்சில் டிரம்முல டீத்தூளோட விழுந்து என் தொட்டிக்கு வந்திருக்கு. நான்தான் அந்த எருவக் கோணல் காணியில அடிச்சேன். மேவிஸ் எடுத்துட்டான்னு இத்தன வருஷமா நெனச்சவங்க எல்லாம் கொஞ்சம் கை தூக்குங்க, பாப்போம்."

யாரும் கை தூக்கவில்லை. தபால்காரரின் விதவை மட்டும் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். யாரோ, "டீ வைக்கலாமா?" என்று கேட்டார்கள். நெவில் ஒன்றும் புரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான்.

"உன்னை யாரு கேட்டா?" என்று மேவிஸ் தன் கையுறையால் என் தோளில் அடித்தாள். நன்றாகவே அடித்தாள். அவள் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. "வா. வண்டிய எடு."

மிஸ் கேதர்கோல் ஊர்க்கூடத்துக்கு வரவில்லை. தொண்ணூறை நெருங்குகிறவர். தேவாலயத்துக்குப் பக்கத்தில் சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார், கைத்தடி ஊன்றி நடக்கிறார், புத்தி மட்டும் அப்படியே இருக்கிறது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் மேவிஸ் இறங்கினாள், கேட் வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

"கதவத் தட்டு," என்றேன்.

"தட்டுவேன். நீ வாய மூடிக்கிட்டு வா. உள்ள வந்து கை தூக்கு கால் தூக்குன்னு ஆரம்பிச்சே, கொன்னுடுவேன்."

மிஸ் கேதர்கோல் எங்களை உள்ளே உட்காரவைத்தார். மேவிஸ் வழக்கம்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, சின்ன மேஜைமேல் வைத்தாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். தொடவில்லை.

"எங்க கெடச்சுது?"

"ஹோரியோட கோணல் காணியில, மிஸ். முன்னால பன்னி எரு அடிச்ச எடம்."

"பள்ளிக்கூட டிரம்ல இருந்தா?"

"ஆமா மிஸ். கவனிக்காம கொட்டினது நானாத்தான் இருக்கும். கொட்டியிருப்பேன். ஆனா எடுக்கல."

மிஸ் கேதர்கோல் ஜன்னல் பக்கம் பார்த்தார். மழையைப்பற்றி ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் நானே எழுந்து வெளியே போயிருப்பேன்.

"டீத் தட்டு சமையலறையில இருக்கு மேவிஸ்," என்றார். "எடுத்துட்டு வர்றியா?"

எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒருத்தர் இறங்கி வர மாட்டார். அவரளவில் அதுதான் மன்னிப்பு, அதற்கு அவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். மேவிஸ் துள்ளி எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

மேவிஸ் எழவில்லை.

"இல்ல மிஸ்," என்றாள். "இன்னிக்கு நீங்க கொண்டு வாங்க."

கிழவி அவளைப் பார்த்தார். இவளும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு மிஸ் கேதர்கோல் நாற்காலிக் கையை ஊன்றி மெதுவாக எழுந்து, கைத்தடியோடு சமையலறைக்குப் போனார். தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. பீங்கான் சத்தம் கேட்டது. பிறகு கைத்தடிச் சத்தம் இல்லாமல் வெறும் செருப்புச் சத்தம் மட்டும் வந்தது. தட்டை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டுமே, தடியை எங்கே பிடிப்பது? கோப்பைகள் கிடுகிடுவென்று ஆடின. பால் சிந்தியது. ஓர் அடி வைத்தார், நின்றார், இன்னோர் அடி வைத்தார். என்னால் தாங்க முடியவில்லை, பாதி எழுந்துவிட்டேன். மேவிஸின் கை என் முழங்காலை அழுத்தி உட்காரவைத்தது. அவள் கல்லைப்போல உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை.

தட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது. மிஸ் கேதர்கோல் மூச்சு வாங்க உட்கார்ந்து, ஊற்றினார். அந்த உருண்டை போன பிறகு அவர் வேறொன்று வாங்கவே இல்லை போலிருக்கிறது, கோப்பையில் தேயிலைத் தூள் மிதந்தது.

"நான் உன்னைக் கேட்டிருக்கணும்," என்றார்.

"ஆமா மிஸ். கேட்டிருக்கணும்."

அவர் தலையை ஆட்டினார். சர்க்கரைக் கிண்ணத்தைக் கையில் எடுத்தவர், அப்படியே நிறுத்திவிட்டு மேவிஸைப் பார்த்தார்.

"நீ சர்க்கரை போட்டுக்குவியா? எனக்குத் தெரியாதே."

"ரெண்டு ஸ்பூன், மிஸ்," என்றாள் மேவிஸ். எழுந்து, கோட்டைக் கழற்றி, நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கோப்பையை வாங்கினாள்.